துப்பாக்கிப் பெட்டியின் சாவி மங்காஃபில் இருக்கிறது

அத்தானுக்குப் பாட்டு வராது. ஊர்க் கோயிலில் பாடகர் குழுவில் சேரப் போனவரை முதல் ஞாயிற்றுக்கிழமையே நாற்காலி அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அப்பேர்ப்பட்டவர் அமெரிக்காவில் குடியேறிச் சில வருஷம் கழித்து, வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் பாடிக்கொண்டு வர ஆரம்பித்தார். காரை நிறுத்தும்போதே தொடங்கிவிடுவார். மாதா பாட்டுதான். எப்போதும் ஒரே பாட்டு, அதிலும் முதல் இரண்டு வரிகள் மட்டும்.

வீடியோ காலில் அந்தக் கச்சேரியை நான் தவறாமல் கேட்டிருக்கிறேன். என் அக்காவும் அத்தானும் டெக்சாஸில் இருக்கிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் மகளும் குவைத்தில், மங்காஃபில். எனக்குக் காலை டியூட்டி முடிந்து மத்தியானச் சோற்றுக்கு உட்காரும் நேரம் அக்காவுக்கு விடியற்காலை. அடுப்பில் காப்பி போட்டபடி பேசுவாள். அத்தானுக்கு ஒரு கிடங்கில் இராத்திரி வேலை. அந்த நேரத்துக்குத்தான் திரும்புவார். கதவு திறக்கும் முன்பே குரல் வந்துவிடும். "பாகவதர் வந்துட்டாரு" என்று நான் கிண்டலடிப்பேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் தாளம் போடுவார். அத்தானும் சிரிப்பார். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். புருஷனின் குரலை நினைத்து வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன்.

நாங்களும் அங்கே போவதற்கான வேலைகள் அப்போது நடந்துகொண்டிருந்தன. நர்ஸுகளுக்கு குவைத் ஒரு நடுவழி ஸ்டேஷன்தான். கொஞ்ச வருஷம் இங்கே நின்று, அமெரிக்கத் தேர்வை எழுதி, பாஸானால் ரயில் மாறிவிடுவோம். அக்கா அப்படிப் போனவள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, நான் இன்றும் நிற்கிற அதே கேஷுவாலிட்டியில்தான் அவளும் இருந்தாள். நானும் தேர்வில் பாஸானேன். அக்கா ஊரிலேயே வேலையும் கிடைத்தது. விசா வந்ததும் முதல் சில மாதங்கள் அவள் வீட்டில் இருந்துகொண்டு, மகளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று ஏற்பாடு.

என் வீட்டுக்காரருக்குத்தான் கிலி பிடித்துவிட்டது. ஏசி மெக்கானிக் அவர். வானம் தொடும் கட்டடங்களில் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர். கீழே பார்த்தால் எனக்குத் தலை சுற்றும், அவர் அங்கிருந்து செல்ஃபி அனுப்புவார். அந்த மனுஷன் ரூமில் உட்கார்ந்து போனில் அமெரிக்கத் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளாகப் பார்த்துப் பார்த்து வெளிறிப்போனார்.

"ஏ பிள்ள, அங்க ஸ்கூலுக்குள்ளயே சுடுதானாம். இங்கன்னா நம்ம கொச்சுப்பிள்ள எங்கயும் தனியாப் போயிட்டு வரும். எதுக்கு இந்த வேல?"

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே ஒரு தீர்வும் கண்டுபிடித்தார். "போறதுன்னா நாமளும் ஒண்ணு வாங்கிரணும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன். துப்பாக்கி இருக்கிற ஊருக்குப் போக மாட்டேன் என்றவரும் அவர்தான், துப்பாக்கி வாங்க வேண்டும் என்றவரும் அவர்தான். நடுவில் எதுவும் மாறவில்லை. பயம் ஒன்றுதான். அது ஒரு நாள் வடக்கே இழுத்தது, மறுநாள் தெற்கே இழுத்தது.

அவரிடம் அந்த ராமநாதபுரத்துப் பையனை ஞாபகப்படுத்தினேன். எங்கள் கேஷுவாலிட்டிக்கு வந்த ஒரு தொழிலாளி. வெள்ளிக்கிழமை லீவில் கேம்ப் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எங்கேயோ ஒரு கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார்கள். போன குண்டு திரும்பி வந்து இவன் தோளில் இறங்கிவிட்டது. டாக்டர் தோண்டி எடுத்துத் தட்டில் போட்டபோது நான்தான் தட்டைப் பிடித்திருந்தேன். அந்தப் பையன் என்னிடம், "சிஸ்டர், இது போலீஸ் கேஸாகுமா? எனக்கு விசாவுல பிரச்சின வருமா?" என்று கேட்டான். குண்டு பாய்ந்தவன் அவன். குற்றவாளி போல நடுங்கியவனும் அவன். அவனைக் கூட்டிவந்த ரூம் நண்பர்கள், "சந்தோசத்துல சுட்டதுதான சிஸ்டர்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார்கள்.

"அப்ப இங்கயும் துப்பாக்கி இருக்குல்ல? அன்னைக்கு நாம ஊரைக் காலி பண்ணிட்டா போனோம்?" என்று கேட்டேன். ஆனாலும் அவர் போனில் செய்தி பார்ப்பதை நிறுத்தவில்லை.

நான் மட்டும் தைரியமாகத்தான் இருந்தேன். என் தைரியத்துக்குக் காரணம் அக்கா. அவள் அங்கே இத்தனை வருஷமாக இருக்கிறாள், நல்லாத்தானே இருக்கிறாள் என்பதுதான் என்னுடைய ஒரே வாதம்.

அந்த அக்கா, சித்தி மகன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் எங்களோடு ஒரு வாரம் தங்க வந்தாள். அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் வந்தாள். ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்தபோதே கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு ஒரு சின்னச் சாவி தொங்குவதைப் பார்த்தேன். சூட்கேஸ் சாவி என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கதவை யாரோ தட்டினார்கள். என் மகள் வழக்கம்போல ஓடிப்போய்த் திறந்தாள். எங்கள் கட்டடத்துக் காவல்காரர், வங்காளதேசத்துக்காரர், தண்ணீர் கேனோடு நின்றார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் அக்கா உள்ளறையிலிருந்து பாய்ந்து வந்து, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். அவளுடைய வலது கை கழுத்துச் சங்கிலியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அந்த பாய் மிரண்டுபோய், "ஸாரி மேடம், பானி, பானி" என்று கேனை வாசலிலேயே வைத்துவிட்டு லிஃப்ட் பக்கம் போனார்.

"யாருன்னு கேக்காம கதவத் தொறக்கியே, கிறுக்கா மக்ளே ஒனக்கு?"

"பெரியம்மா, இட்ஸ் ஜஸ்ட் பாய். ஹி ப்ரிங்ஸ் வாட்டர்" என்றாள் என் மகள். பிறகு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "மம்மி, பெரியம்மா இஸ் ஷேக்கிங்" என்றாள்.

நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். இது எனக்குப் புதிது. சின்ன வயதில் கிறிஸ்துமஸுக்கு ஓலைவெடி போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறவள்தான் அக்கா. ஆனால் மனிதர்களுக்குப் பயந்தவள் இல்லை. கேஷுவாலிட்டியில் குடித்துவிட்டு வந்து அடிக்கக் கை ஓங்கியவனை, "உக்காருலே" என்று ஒரே அதட்டலில் உட்கார வைத்தவள். அவன் சிரியாக்காரனோ யாரோ, தமிழ் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்தான்.

அன்று மத்தியானம் ஃபஹாஹீல் சந்தையிலிருந்து சங்கரா மீன் வாங்கி வந்தோம். அக்கா தொட்டியில் மீனைப் போட்டுச் செதில் உரசினாள். நான் தேங்காய் துருவினேன். சாவி சங்கிலியோடு ஆடி ஆடி மீன் தண்ணீரில் முங்கியது. அவள் அதைத் தூக்கி முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"ஏட்டி, அத்தான் பாடுறத இனிமே கேலி பண்ணாத."

"ஏன், கேலி பண்ணுனா பாட்டு நின்னுருமோ?"

"நிக்கக் கூடாதுட்டி. நின்னா நான் சுட்டுருவேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டைக் கொள்ளையடித்திருக்கிறார்கள். அத்தானுக்கு இராத்திரி வேலை. இவள் தனியாக இருப்பாள். பக்கத்து வீட்டு அம்மா நல்லவள், கேக் செய்து கொண்டுவந்து கொடுத்து, கூடவே துப்பாக்கிக் கடை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இவள் போய் ஒரு கைத்துப்பாக்கி வாங்கிவிட்டாள். முதலில் தலையணைக்கு அடியில். ஒரு நாள் அத்தானுக்கு வேலை சீக்கிரம் முடிந்திருக்கிறது. போனில் சார்ஜ் இல்லாததால் சொல்லாமல் வந்துவிட்டார்.

"பின்வாசல்ல சத்தம் கேட்டுது. நான் எந்திச்சு நடையில நிக்கேன். கையில அது இருக்கு. இருட்டுல ஒரு ஆளு வாரான். எனக்கு வெரலு விசைக்குப் போயிட்டு கேட்டியா. 'நான்தாம்ட்டீ'ன்னு சொன்னாரு. அந்தக் கொரலு மட்டும் கேக்காம இருந்திருந்தா..."

செதில் உரசுவதை அவள் நிறுத்தவே இல்லை. அந்த மீனில் அதற்குமேல் செதிலே கிடையாது.

மறுநாளிலிருந்து அத்தான் பாட ஆரம்பித்திருக்கிறார். இவள் கேட்கவில்லை, அவரும் காரணம் சொல்லவில்லை. பொண்டாட்டி தன்னைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பாட்டு வராத ஒரு மனுஷன் தெருவிலிருந்தே பாடிக்கொண்டு சொந்த வீட்டுக்குள் வருகிறார். நாங்கள் இங்கே தாளம் போட்டிருக்கிறோம்.

துப்பாக்கியை விற்றுவிடச் சொல்லி அத்தான் கெஞ்சியிருக்கிறார். இவள் சம்மதிக்கவில்லை. கடைசியில் கட்டிலுக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டியை வைத்து, தரையோடு முடுக்கி, அதற்குள் பூட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. ஒரு சாவியை அத்தான் ஏரியில் வீசிவிட்டார். மற்றது இவள் கழுத்தில் ஏறிவிட்டது. தூங்கும்போதும் குளிக்கும்போதும் அது கழுத்தில்தான்.

"அத விக்காம நான் எம்பிள்ளய அந்த வீட்டுக்குக் கொண்டு வரமாட்டேன்" என்றேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது.

அக்கா மீனை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எங்க வீட்டுக்கு நீ சட்டம் போடுதியா? ராத்திரி பூரா தனியாக் கெடக்கது நானா நீயா? ஒனக்கு இங்க பயமே இல்லன்னு நெனச்சிட்டிருக்கியா? போலீஸ் வண்டியக் கண்டா சிவில் ஐடி இருக்கான்னு பையத் தடவுத. மேட்ரன் மொகம் கோணுனா ஒனக்கு ஒறக்கம் வராது. வேல போனா கலாஸ், விசா போச்சு, பெட்டி கட்டணும். நான் இங்க இருந்தவதான, எனக்குத் தெரியாதா? ஒம் பயத்துக்குச் சுடதுக்கு ஆளு இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்."

அது உண்மை. எனக்கும் பயம் உண்டு, அதை நான் பையில் வைத்துக்கொண்டு நடமாடுகிறேன். அந்த ராமநாதபுரத்துப் பையனைப் போலத்தான் நானும். ஆனால் அது உண்மை என்பதால் என் முடிவு மாறவில்லை. நான் எனக்குத் தெரிந்த பாஷையில் பேசினேன்.

"அக்கா, மார்ஃபின் கப்போர்டு சாவிய நீ மறந்திட்டியா?"

கேஷுவாலிட்டியில் மார்ஃபின் மாதிரியான மருந்துகளுக்குத் தனி அலமாரி. அதன் சாவி அந்த ஷிஃப்டின் பொறுப்பு நர்ஸ் உடம்பிலேயே இருக்க வேண்டும். யூனிஃபார்ம் பைக்குள் சேஃப்டி பின் போட்டுக் குத்திவைத்துக்கொள்வோம். சாவி ஒருத்தியிடம் இருந்தாலும் அலமாரியைத் தனியாகத் திறக்க முடியாது, இரண்டாவது நர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும். டியூட்டி மாறும்போது சாவியைக் கைமாற்ற மறந்து பைக்குள்ளேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது நர்ஸ்களுக்கென்றே உள்ள தப்பு. அக்காவும் ஒரு தடவை செய்திருக்கிறாள். மங்காஃப் வந்து சோற்றுக்கு உட்கார்ந்த பிறகு கேஷுவாலிட்டியிலிருந்து போன் வந்து, எச்சில் கையோடு டாக்ஸி பிடித்து ஓடினாள்.

"நமக்குத் திருட்டுக் கையின்னா ரெண்டு பேர வைக்காங்க? களச்ச கைய நம்பக் கூடாதுன்னு வைக்காங்க. ஒறக்கத்துல எந்திச்சு வார கை எப்படிக்கா நல்ல கையா இருக்கும்? ஒனக்கு ரெண்டாவது ஆளு யாரு?"

அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மீன் குழம்பை நான்தான் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

மீதி நாட்கள் அவள் என் மகளோடு பேசினாள், என் வீட்டுக்காரரோடு பேசினாள், என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். நானும் இறங்கிப் போகவில்லை. என் கூடப்பிறந்தவளைத்தான் இத்தனை கடுமையாகப் பேசினேன் என்று துக்கமாக இருந்தது. ஆனாலும் பிள்ளை விஷயத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏர்போர்ட்டில் பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "ஒடம்பப் பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான். அமெரிக்கா கனவு அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டு திரும்பினேன். என் வீட்டுக்காரர் காரோட்டிக்கொண்டே, "இங்கயே கெடப்போம் பிள்ள, இதுக்கென்ன குற" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை டியூட்டி. தேய்த்து மாட்டியிருந்த யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். கேஷுவாலிட்டியில் இராத்திரி நர்ஸ் மார்ஃபின் சாவியைக் கொடுத்தாள். வழக்கம்போலப் பைக்குள் குத்துவதற்குக் கையை விட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு சேஃப்டி பின் இருந்தது. அதில் ஒரு சின்னச் சாவி.

எனக்கு ஒரு நொடிதான் புரியவில்லை. பிறகு புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "சிஸ்டர், ஆர் யூ ஓகே?" என்று அந்தப் பிலிப்பினோப் பெண் கேட்டாள். ஓகே, ஓகே என்றேன். அன்று ஷிஃப்டு முழுக்க இரண்டு சாவிகளும் என் பைக்குள் உரசிக்கொண்டிருந்தன.

அக்கா வீடு போய்ச் சேர்ந்ததும் போன் செய்தேன்.

"சாவிய மறந்து விட்டுட்டுப் போயிட்டியா?"

"மறந்தா சேஃப்டி பின்ல குத்தி வைப்பாங்களா? ரெண்டாவது ஆளு யாருன்னு கேட்டல்ல. நீதான்."

"அங்க பூட்டு ஒடைக்க ஆளு கெடைக்காதாக்கும்?"

"போன் பண்ணுனா உடனே வருவான். நம்பரும் இருக்கு. கூப்பிட மாட்டேன்." பிறகு அவளே, "விக்கணும்னா பெட்டியத் தொறக்கணும்ட்டி. தொறந்தா கையில எடுப்பேன். எடுத்தா விக்க மாட்டேன். என்னய எனக்குத் தெரியும். அதான் சாவிய ஒங்கிட்ட வச்சேன்" என்றாள்.

எனக்கு என் அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதை அவளிடமே சொன்னேன். "போட்டி, நீ வேற" என்றாள்.

சுலபமாக இருக்கவில்லை அவளுக்கு. முதல் சில இராத்திரிகள் கண்ணை மூடவே இல்லையாம். ஒரு தடவை பின்வாசலில் டமார் என்று ஏதோ விழுந்திருக்கிறது. கை தானாகக் கழுத்துக்குப் போயிருக்கிறது, சிலுவை மட்டும் இருந்திருக்கிறது. வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, தொண்டை கிழிய, "எவம்லே அது!" என்று கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டு நாய் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடியிருக்கிறது. கேக் அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கேட்டிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

என் வீட்டுக்காரர் சாவியை மங்காஃப் கடலில் வீசிவிடலாம் என்றார். கூடாது என்றேன். அவள் என்னை நம்பிக் கொடுத்தது, கடலை நம்பியில்லை. அது என் அலமாரியில், மகளின் ஞானஸ்நானச் சங்கிலி இருக்கும் டப்பாவில் இருக்கிறது. நாமளும் ஒன்று வாங்குவோம் என்ற பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. விசா வந்ததும், சாவி எங்களிடம் இருக்கிற தைரியத்தில் டிக்கெட் போடலாமா என்று அவரே கேட்டபோது, பொறுங்கள் என்றேன். எதற்காகப் பொறுக்கச் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது வழக்கம்போல அக்காவைக் கூப்பிட்டேன். போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். சித்தி மருமகளைப் பற்றி ஏதோ புரணி சொன்னாள். வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டுக்காகக் காத்திருந்தேன். கார்க் கதவு அடைபடும் சத்தம் வந்தது. காலடிச் சத்தம் வந்தது. பாட்டு வரவில்லை. கதவு திறந்தது.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காப்பி இருக்கு" என்றாள்.

அத்தான் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனுக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன கொழுந்தியா, பாகவதரத் தேடுதியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் டிக்கெட் போடச் சொன்னேன்.